சாயலின்மைச் சான்றிதழ்

எட்டுப் பேர் ஒரு அறையில் உட்கார்ந்து டீ குடிப்பதால் அரசாங்கம் கவிழ்ந்துவிடாது. ஆனால் அந்த எட்டுப் பேரும் எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை என்றால், அது யோசிக்க வேண்டிய விஷயம். யோசிப்பதற்கென்றே சங்கங்கள் பதிவுத் துறை என்று ஒன்று இருந்தது. அது ஆறு வருஷம் பொறுத்திருந்து, பிறகு யோசித்தது.

அறை நகராட்சிக் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் காவலாளியிடம் சாவி வாங்கித் திறப்பாள். முப்பத்தொன்பது வயது. ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது கடல் தாண்டி விமானத்தில் வந்து இறங்கியவள். அவளைத் தத்தெடுத்து வளர்த்த அம்மாவும், காலமாகிவிட்ட அப்பாவும் ஒரு நிறம். அவள் வேறு நிறம். முடி வேறு, மூக்கு வேறு, கண் வேறு. மற்ற ஏழு பேரும் அப்படித்தான். ஏழெட்டு தேசங்களிலிருந்து கைக்குழந்தைகளாக வந்து, இந்த ஊர் வீடுகளில் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள். ஒருவர் பல் டாக்டர், ஒருவர் ரொட்டிக்கடை வைத்திருந்தார், ஒருத்தி கணக்கு டீச்சர். எட்டுப் பேருக்கும் தெரிந்த பாஷை இந்த ஊர்ப் பாஷை ஒன்றுதான்.

அங்கே பெரிதாக ஒன்றும் நடக்காது. டீ, கொஞ்சம் பேச்சு. சில வாரம் பேச்சும் இருக்காது. ரொட்டிக்கடைக்காரர் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவார். ஆனால் வெளியே இறங்கினால் போதும், யாராவது ஒருவர் எந்த ஊர் என்று கேட்பார். இந்த ஊர்தான் என்பாள் மெக்கானிக். இல்லை, நிஜமாக எந்த ஊர் என்பார். ஒருமுறை லிஃப்டில் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டிக் கிடந்த ஒரு பெரியவரை அவள் கம்பி போட்டுக் கதவை நெம்பி வெளியே இழுத்தாள். அவர் தண்ணீர் கேட்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இதைத்தான் கேட்டார். வாரத்தில் மூன்று மணி நேரம் யாரும் அதைக் கேட்காத ஒரு அறை. அது போய்விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

போய்விடும் என்று நோட்டீஸ் வந்தது. முப்பது நாளுக்குள் சங்கமாகப் பதிவு செய்துகொள்ளாவிட்டால் அறை பூட்டி முத்திரையிடப்படும்.

பதிவுத் துறையின் பிரிவு அலுவலர் நல்ல மனிதர். அவளை மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரவைத்தார். நம்ம பாஷையை இவ்வளவு நன்றாகப் பேசுகிறாளே என்று மனமாரப் பாராட்டினார். முப்பத்தொன்பது வருஷமாகப் பழகிக்கொண்டிருப்பதாக அவள் சொன்னாள். விடாமுயற்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்தார்.

ஏழாவது பத்தியில் வந்து நின்றது. ‘உறுப்பினர்களை ஒன்றுசேர்க்கும் பொது அம்சம் யாது?’ ஊர், மொழி, தொழில், இரத்தம் என்று நான்கு கட்டங்கள். முன்பு ‘இதர’ என்று ஐந்தாவதாக ஒன்று இருந்ததாம். எல்லோரும் அதிலேயே குறியிட்டு வந்தபடியால் அதை எடுத்துவிட்டார்களாம். தாங்கள் எட்டுப் பேரும் தத்துப்பிள்ளைகள் என்று அவள் சொன்னாள். அலுவலர் பேனாவை மூடினார்.

“சட்டப்படி தத்துப்பிள்ளைன்னு ஒருத்தர் கிடையாதும்மா. தத்து எடுத்த நிமிஷத்துலருந்து பெத்த பிள்ளைதான். உங்க பிறப்புச் சான்றிதழ்ல அம்மான்னு யார் பேர் போட்டிருக்கு?”

“எங்கம்மா பேர்தான்.”

“அப்ப உங்களை யாருமே தத்தெடுக்கல. தத்துப்பிள்ளைங்க சங்கத்துல நீங்க சேர்ந்தா அது ஆள்மாறாட்டம்.”

“அப்ப அதுல யார்தாங்க சேர முடியும்?”

அலுவலர் மின்விசிறியைப் பார்த்தார். “யாரும் சேர முடியாது. ஆனா சங்கம் வெச்சுக்கலாம். அதுக்குத் தடை ஒண்ணும் இல்ல.”

அவள் முகம் விழுந்ததைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை. நான்கு தடித்த புத்தகங்களைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். விண்ணப்பதாரர் தம் பெற்றோரை எவ்வகையிலும் ஒத்திருக்கவில்லை என்று துறையின் சாயல் ஆய்வாளர் நேரில் பார்த்து ‘சாயலின்மைச் சான்றிதழ்’ வழங்கினால், இரத்தம் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிப் பதிவு செய்துவிடலாம். பெற்றோர் உடன் வர வேண்டும். பிள்ளைக்கும் தமக்கும் சாயலோ ஒட்டுதலோ ஏதுமில்லை என்று கைப்பட எழுதித் தரவும் வேண்டும். இதற்கு எதற்கு ஆய்வு, பார்த்தாலே தெரியுமே என்றாள் மெக்கானிக். பார்த்தால் தெரிவதை எல்லாம் துறை நம்ப ஆரம்பித்தால் துறையே தேவையில்லையே என்றார் அவர்.

அம்மா தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள். யார் எதைச் சொன்னாலும் ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வாள்.

“உனக்கும் எனக்கும் ஒட்டுதல் இல்லைன்னு நான் எழுதித் தரணும்.”

“எழுதித் தரணும்.”

அம்மா துவைத்த துணியை மடிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரே தலையணை உறையை மூன்று தடவை மடித்தாள். இந்த வீட்டில் உனக்கு என்ன குறைச்சல் என்று முப்பத்தொன்பது வருஷமாகக் கேட்காததை அன்றைக்குக் கேட்டாள்.

“குறைச்சல் ஒண்ணும் இல்லம்மா. அங்க போனா விளக்கம் சொல்ல வேண்டியதில்ல. அவ்வளவுதான்.”

“உன்னை இடுப்புல தூக்கிட்டுக் கடைக்குப் போனா, யார் பிள்ளைன்னு என்னைத்தான் கேப்பாங்க. பத்து வருஷம் கேட்டாங்க. எனக்கு யாரும் ஒரு ரூம் குடுக்கல.” உறையை அலமாரியில் வைத்தாள். “சரி, எழுதித் தரேன். ஆனா ஆபீசுல போய் மாட்டிக்கக் கூடாது. ஒத்திகை பாத்துடலாம்.”

ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. இருவருக்கும் பச்சைத் தண்ணீரைக்கூட ஊதிக் குடிக்கிற பழக்கம் உண்டு. அதை நிறுத்த வேண்டும் என்று முடிவாயிற்று. அம்மா சாய்ந்து நடக்கக் கூடாது, மகள் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று முதல் நாள் பேசிக்கொண்டார்கள். இரண்டும் ஒரே நடைதான் என்று மூன்றாம் நாள்தான் உறைத்தது. உன்னால்தான் என்று இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். ‘நான் ஒண்ணும் சொல்லல’ என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் சொல்வது அம்மாவின் வழக்கம். மகளும் அப்படித்தான் ஆரம்பித்தாள்.

ஆய்வு நாள் வந்தது. சாயல் ஆய்வாளர் ஒல்லியான, தூக்கம் போதாத மனிதர். அளவு நாடா, பூதக்கண்ணாடி, பெயின்ட் கடையில் கொடுக்கும் வர்ண அட்டை ஆகியவற்றுடன் வந்தார். பத்திகள் மொத்தம் இருபத்து நான்கு. முதல் பன்னிரண்டு நிறம், மூக்கு, காது மடல், நெற்றி என்று போயின. எல்லாவற்றிலும் ‘இல்லை’. அம்மாவுக்கு அட்டையில் ‘சந்தன மஞ்சள்’, மகளுக்கு ‘ஈரச் செங்கல்’. மெக்கானிக் மனதுக்குள் ஞாயிற்றுக்கிழமைக்கு டீத்தூள் வாங்க ஆரம்பித்துவிட்டாள்.

பதின்மூன்றாவது பத்தியிலிருந்து நடத்தை. இவர் உங்கள் மகளா என்று ஆய்வாளர் அம்மாவைக் கேட்டார். “இவர் என் மகளா” என்று அம்மா திருப்பிச் சொன்னாள். “இவங்க எங்கம்மாவா” என்று மகளும் கூடவே சொல்லி முடித்தாள். ஆய்வாளர் ஏதோ எழுதிக்கொண்டார். இரண்டு டம்ளர் தண்ணீர் வரவழைத்தார். இருவரும் வாய்வரை கொண்டுபோனார்கள். ஊதக் கூடாது என்பது இருவருக்கும் ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. ஒரே நொடியில் டம்ளரைக் கீழே வைத்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றினார்கள், அதுவும் இடது பக்கமாக.

“இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணை நான் பாத்ததில்ல,” என்றார் ஆய்வாளர். குறிப்புப் பகுதியில் ‘உரித்து வைத்தாற்போல்’ என்று எழுதினார். பக்கத்து அறையில் பல் டாக்டரும் அவர் அப்பாவும் ஆளுக்கு ஒரு தடவை மூக்கால் சிரித்து மாட்டிக்கொண்டார்கள். ரொட்டிக்கடைக்காரரை ஆய்வு செய்யவே தேவைப்படவில்லை. அவரும் அவர் அம்மாவும் காத்திருப்போர் நாற்காலியில் ஒரே பக்கமாக வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

எட்டுப் பேருக்கும் ஒரே கடிதம் வந்தது. ‘தங்களுக்குச் சொந்தம் உள்ளமை ஐயந்திரிபற நிரூபணமாகியுள்ளபடியால், சொந்தம் வேண்டிக் கூடுவதற்கென இடம் ஒதுக்க வேண்டிய அவசியம் எழவில்லை என்பது மகிழ்ச்சியுடன் தெரிவிக்கப்படுகிறது.’ அம்மா அதை வாசித்து, ஒருமுறை திருப்பி வாசித்து, சட்டம் போட்டு மாட்டலாமா என்று கேட்டாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள்.

விஷயம் இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எட்டுப் பேருக்காகத் துறை பத்தாயிரம் படிவம் அச்சடித்திருந்தது. மீதியை என்ன செய்வது? பொதுமக்களும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். பெற்ற பிள்ளைகள் வந்தார்கள், சுலபமாகத் தேறினார்கள். ஒரு தகப்பனாரிடம் பையனுக்கு என்ன வயது என்று ஆய்வாளர் கேட்க, அவர் ஒரு நாள் அவகாசம் கேட்டார். இன்னொரு பெண்ணும் அவள் தாயாரும் காத்திருப்போர் அறையில் இரண்டு மணி நேரம் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தும் ஒருவரையொருவர் அடையாளம் காணவில்லை.

சான்றிதழ் மோகம் ஊரைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் யாருடனும் எனக்கு ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்வது கௌரவமாயிற்று. பரம்பரையாக அப்பா மாதிரியே இருந்து தொலைத்தவர்களுக்காகப் பயிற்சி வகுப்புகள் திறந்தார்கள். ஆறு வாரத்தில் சாயல் போக உத்தரவாதம். சாயலற்றவர்களுக்கென்று காலர் இல்லாத சாம்பல் சட்டை, ஒரு பக்கம் மட்டும் வழித்த தலை, வட்டக் கண்ணாடி என்று ஒரு தோற்றமும் வந்து சேர்ந்தது. ‘சாயலற்றோர் சங்கம்’ நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களோடு பதிவாயிற்று. மூன்றாம் மாடி அறை அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி முதல் ஆறு வரை.

அந்த முதல் ஞாயிறு எட்டுப் பேரும் பழக்க தோஷத்தில் வந்துவிட்டார்கள். ஆபீசுக்கு அலைந்ததில் ஒருவருக்கொருவர் சிநேகமாகிவிட்ட அம்மா அப்பாக்களும் கூட வந்திருந்தார்கள். உள்ளே போக அனுமதியில்லை என்றதும் எல்லோரும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். உறுப்பினர்கள் அவர்களைத் தாண்டி வரிசையாக ஏறினார்கள். ஒருவன் நின்று, நீங்கள் எல்லாம் எந்த ஊர் என்று அன்போடு விசாரித்தான். மெக்கானிக் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தாள். அம்மா மட்டும் ஏறுகிறவர்களை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, இதுங்க எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்களா? அச்சுல வார்த்த மாதிரி இருக்குதுங்களே.”

அவள் குரல் முப்பது வருஷம் நாலாபக்கமும் இணைப்புக் கொடுத்த குரல். திறப்பு விழாவுக்கு வந்திருந்த சாயல் ஆய்வாளரின் காதில் அது விழுந்தது. விழுந்த பிறகு சும்மா இருக்க அவர் பணி விதிகளில் இடமில்லை. உறுப்பினர்களைச் சுவரோரம் நிறுத்தி நாடாவை எடுத்தார். சட்டை, தலை, கண்ணாடி, கை கட்டி நிற்கும் விதம், பேச ஆரம்பிக்குமுன் விடும் பெருமூச்சு. இருபத்து நான்கு பத்தியும் நிரம்பி, ஓரத்திலும் எழுத வேண்டியதாயிற்று. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பூரணமாக ஒத்திருப்பதால் அவர்கள் ஒரே குடும்பத்தினர் என்றும், ஒரு குடும்பம் தனக்குத்தானே சங்கம் வைத்துக்கொள்ள முடியாது என்றும் அங்கேயே உத்தரவு எழுதினார். நாங்கள் யாரையும் போல இல்லை என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதையும் எழுதிக்கொண்டார்.

நான்கு மணிக்கு அறை பூட்டப்பட்டது. ஆய்வாளர் அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். இப்போது மாடிப்படி முழுக்க ஆட்கள். எட்டுப் பேர், அவர்களின் பெற்றோர், நானூற்றுப் பன்னிரண்டு சாம்பல் சட்டைகள். கீழே தெரு வரைக்கும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இனி எங்கே போவது என்று சட்டைகள் கிசுகிசுத்தன.

இறங்க வழி இல்லாமல் ஆய்வாளரும் ஒரு படியில் உட்கார்ந்தார். விரலில் அரக்குச் சுட்டிருந்தது. சட்டைப் பையில் மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. அம்மா ஃபிளாஸ்கைத் திறந்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள்.

“யார் பெத்த பிள்ளைப்பா நீ, ஞாயித்துக்கிழமை கூட இப்படிச் சாப்பிடாம அலையற?”

ஆய்வாளர் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

“அதைக் கேட்டுத்தான் நானும் மனுப் போட்டிருக்கேம்மா,” என்றார். “இன்னும் உத்தரவு வரல.”