‘எனக்குந்தான்’ ஆசாமிகள்

உலகத்தில் ஒரு வகை ஆசாமிகள் உண்டு. செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் அவர்களில் ஒருவர் மேல்தான் படும். அடையாளம் காண ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. உங்கள் கஷ்டம் ஒன்றைச் சொல்ல ஆரம்பியுங்கள், போதும். நீங்கள் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் முடித்துவிடுவார்: “எனக்குந்தாங்க!”

உங்களுக்கு முதுகு வலி என்றால் அவருக்கு முதுகோடு கழுத்தும் சேர்த்து. உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அவர் தூங்கியே வருஷக் கணக்கு ஆகிறது. நீங்கள் கிணற்றில் விழுந்து உள்ளேயிருந்து கத்தினாலும், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, தானும் ஒரு காலத்தில் இதைவிட ஆழமான கிணற்றில் விழுந்ததையும், யாரையும் தொந்தரவு செய்யாமல் தானே ஏறி வந்ததையும் விவரமாகச் சொல்லுவார்.

கயிறு மட்டும் போடமாட்டார்.

இவர்களால் யாருக்கு என்ன கெடுதல், ஆறுதலாகத்தானே சொல்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பக்கத்து வீட்டில் இருக்கும்வரை கெடுதல் இல்லைதான். இதே ஆசாமி கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு, டோக்கன் கொடுத்து உங்களைக் கூப்பிட்டால்? கண்ணகிக்கு அது நடந்தது.

கண்ணகி செய்யூர்ப் பக்கத்துப் பெண். வாழ்க்கைப்பட்டது திருக்கழுக்குன்றத்தில். மாமல்லபுரம் கடற்கரையோரம் ஒரு ரிசார்ட்டில் முன்பதிவுப் பொறுப்பாளர். கெட்டிக்காரி. ஒரு முறை விருந்தாளியின் குழந்தை நீச்சல் குளத்தில் தவறி விழுந்தபோது, மற்ற எல்லோரும் “ஐயோ” என்று சொல்லி முடிப்பதற்குள் புடவையோடு குதித்துத் தூக்கியவள். ஆனால் அதே கண்ணகிதான், பேருந்து நிலையத்தில் நிறுத்திய ஸ்கூட்டியை மறந்துவிட்டு ஷேர் ஆட்டோவில் வீடு வந்து, மறுநாள் காலை ஸ்கூட்டி திருட்டுப் போய்விட்டது என்று தெருவையே கூட்டியவள். ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுத உட்காருவாள். தேதி குறித்துக்கொள்ளப் பேனா தேடி இழுப்பறையைத் திறப்பாள். உள்ளே குப்பையாக இருக்கிறதே என்று ஒழுங்குபடுத்த ஆரம்பிப்பாள். பழைய சாவி ஒன்று கிடைக்கும். அது எந்த அறையின் சாவி என்று பார்க்க மாடிக்குப் போவாள். மாடியில் கடல் தெரியும். மின்னஞ்சல் அங்கேயே திறந்து கிடக்கும்.

பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு ஆசிரியரும் சொன்னது ஒன்றுதான்: நல்லா படிக்கிற பொண்ணு, அக்கறைதான் இல்லை. இத்தனை பேர் ஒன்றாகச் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? கண்ணகியும் நம்பினாள். எல்லோரும் ஒரு தடவை சரிபார்த்தால் இவள் மூன்று தடவை பார்த்தாள். எல்லோரும் வீட்டுக்குப் போனபின் உட்கார்ந்து, விட்டுப்போனதை எல்லாம் தேடிப் பிடித்துச் செய்தாள். அப்படிச் செய்தும், போன வைகாசியில், ரிசார்ட்டின் ஒரே புல்வெளியை ஒரே மதியத்துக்கு ஒரு வளைகாப்புக்கும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பாராட்டு விழாவுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஒரு பக்கம் வளையல் ஏற, மறு பக்கம் ஒலிபெருக்கியில் விபத்து மரண இழப்பீட்டுத் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் மாமியார் மயங்கி விழுந்தார்.

“இன்னொரு தடவை இப்படி நடந்தா வேலைக்கு வரவேணாம்” என்றார் மேலாளர்.

கண்ணகி துணி அறையில் போய், துவைத்து அடுக்கிய துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். அங்கே வந்து சேர்ந்தவள் ஜெஸ்ஸி. ரிசார்ட் உணவகத்தில் பரிமாறுகிறவர்களுக்குத் தலைவி.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே? என் தங்கச்சியும் அப்படியே உன்ன மாதிரிதான். பெங்களூர்ல டாக்டராண்ட போனா. ஏ.டி.எச்.டி.ன்னாங்க. மாத்திரை சாப்ட்டுகினு கீறா. இப்ப எவ்ளோ தேவல தெரியுமா?”

“அது சின்னப் பசங்களுக்கு வர்றது இல்ல?”

“ஏங்க்கா, சின்னப் பசங்க வளரவே மாட்டாங்களா?”

அன்று மாலை பேருந்தில் கண்ணகி கைபேசியில் அதைப் பற்றியே படித்தாள். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தவும், ஆரம்பித்ததை முடிக்கவும் மூளை ஒத்துழைக்காத கோளாறு. சிறு வயதிலேயே ஆரம்பிப்பது. அக்கறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். திருக்கழுக்குன்றம் வந்து போனது தெரியவில்லை. செங்கல்பட்டில் நடத்துநர் இறக்கிவிட்டார்.

வீட்டில் கணவன் ஆனந்தனிடம் சொன்னாள். ஆனந்தன் சரக்கு வேன் ஓட்டுகிறவன், நல்லவன். ஆனால் நம் ஆசாமிகளில் ஒருவன்.

“எனக்குந்தான் கண்ணகி! நேத்து டீசல் போட மறந்துட்டு நட்டநடு ரோட்டுல நின்னுகினு இருந்தேன். அதுக்குன்னு டாக்டராண்டயா ஓடுனேன்?”

அவள் ஓடினாள். குடும்பத்துக்கு வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் வாசுதேவனிடம், செங்கல்பட்டுக்கு.

“டாக்டர், எனக்கு ரொம்ப மறதி. ஆரம்பிச்ச வேலைய முடிக்கவே…”

“எனக்குந்தாம்மா!” என்று டாக்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். “காலைல கார் சாவியத் தேடாத நாளே கிடையாது!”

பொய் இல்லை. அவர் சாவியைத் தொலைப்பார், டிரைவர் எடுத்துக் கொடுப்பார். மூக்குக் கண்ணாடியை மறப்பார், வீட்டிலிருந்து மனைவி கொடுத்து அனுப்புவார். யாருக்கு என்ன மருந்து எழுதினோம் என்பதை நர்ஸ் நினைவில் வைத்திருப்பார். ஊரார் ஞாபகசக்தியை எல்லாம் வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிற மனிதருக்கு மறதி ஒரு நகைச்சுவை. கண்ணகிக்கு அது வேலை போகிற விஷயம்.

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். தினமும் பாதாம் ஊறவைத்துச் சாப்பிடச் சொன்னார். கண்ணகி ஊறவைத்தாள். சாப்பிட மறந்தாள். சில நாளில் பாதாமே வாசனையால் தன்னை நினைவுபடுத்தியது.

அடுத்தது தாம்பரம் பக்கத்தில் மனநல மருத்துவர் ராமானுஜம். முதல் முறை தேதியை மாற்றி நினைத்துக்கொண்டு கண்ணகி மறுநாள் போய் நின்றாள். வரவேற்பறைப் பெண், “வரணும்னு அக்கறை இருந்தா ஞாபகம் இருக்கும்மா” என்றாள். மறதிக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் மறந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். கால் முறிவுக்கு வைத்தியம் செய்கிறவர் மாடியில் கடை வைத்து, ஏறி வருகிறவர்களை மட்டும் பார்ப்பது போல.

இரண்டாம் முறை சரியாகப் போனாள்.

“என்ன படிச்சிருக்கீங்க?”

“பி.காம். சார்.”

“அரியர்?”

“இல்ல சார். பரீட்சைக்கு மொத நாள் ராத்திரி பூரா…”

“வேலை?”

“இருக்கு. ஆனா போயிடும்னுதான்…”

“அப்புறம் என்னம்மா? ஏ.டி.எச்.டி. இருக்கறவங்களால ஒரு இடத்துல உட்காரவே முடியாது. நீங்க எவ்வளவு அமைதியா உட்கார்ந்திருக்கீங்க!”

மேஜைக்கு அடியில் கண்ணகியின் கால் விரல்கள் செருப்பு வாரைப் பிய்த்து முடித்திருந்தன. மேஜைக்கு அடியில் பார்க்க டாக்டருக்கு நேரம் ஏது?

“ரீல்ஸ் பார்த்துட்டு இப்ப எல்லாரும் இதையே சொல்லிட்டு வர்றாங்க. எனக்குந்தான் ஒரு புஸ்தகத்தை முழுசாப் படிக்க முடியல. நான் மாத்திரையா சாப்பிடறேன்?”

சாப்பிடவில்லைதான். அவளுக்கு எழுதினார். மன அழுத்தத்துக்கான மாத்திரை. கண்ணகி நன்றாகத் தூங்கினாள், வேலை நேரத்திலும். முன்பெல்லாம் மறந்ததைத் தேடிக்கொண்டாவது இருந்தாள். இப்போது மறந்துபோனது ஒரு கவலையாகவே தோன்றவில்லை. “இப்பதான் வூடு அமைதியா கீது” என்று ஆனந்தன்கூடச் சந்தோஷப்பட்டான். முன்பதிவு மேஜையில் அவள் தலை சாயும்போதெல்லாம் ஜெஸ்ஸி ஓடி வந்து தொலைபேசியை எடுத்தாள். நிலைமையைச் சொன்னபோது ராமானுஜம், “அப்ப மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்றார். கண்ணகி மன்றாடிக் கேட்டு அதை மெல்லக் குறைத்து நிறுத்தினாள். அத்தோடு டாக்டர்களையும் நிறுத்துவதாக இருந்தாள்.

ஜெஸ்ஸி விடவில்லை. தங்கையிடம் கேட்டு, அவள் டாக்டரிடம் விசாரித்து, செங்கல்பட்டிலேயே சஹானா என்று ஒரு இளம் மனநல மருத்துவர் இருப்பதைக் கண்டுபிடித்தாள். சந்திப்பு நாளன்று தன் விடுப்பைப் போட்டு, கண்ணகியைக் கையோடு அழைத்துப் போய் உட்காரவைத்தாள்.

சஹானா கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணகி ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிட்டுப் பழக்கத்தால் நிறுத்தினாள், இடையில் யாராவது பாய்வார்கள் என்று. யாரும் பாயவில்லை. அதிலேயே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“சின்ன வயசுல உங்களைப் பக்கத்துல இருந்து பார்த்தவங்க யாரையாவது அடுத்த தடவை கூட்டிட்டு வர முடியுமா?” என்றார் சஹானா. “அப்பலேர்ந்து இருக்கான்னு தெரியணும்.”

அப்படிப்பட்டவர் ஒருவர்தான் மிச்சம். கண்ணகியின் அம்மா சந்திரம்மா. ‘எனக்குந்தான்’ ஆசாமிகளுக்கு ஒரு மாநாடு கூட்டினால் எதிர்ப்பின்றித் தலைவியாகக்கூடியவர்.

“இன்னாடி இது, மறதிக்கெல்லாமா டாக்டரு? எனக்குந்தான் மறந்து பூடுது. நான் உங்கள எல்லாம் வளத்து ஆளாக்கல?” என்று போனில் கத்தினார். இருந்தாலும் கிளம்பினார். தப்பான பேருந்தில் ஏறி அச்சரப்பாக்கம் வரை போய், திரும்பி, ஒரு வழியாக வந்து சேர்ந்தார்.

“ஸ்கூலுக்குப் போனா பை, புத்தகமெல்லாம் ஒழுங்காத் திரும்பக் கொண்டு வருவாங்களாம்மா?” என்று ஆரம்பித்தார் சஹானா.

“எங்க? வுட்டுட்டு வந்துடும். எனக்குந்தான் டாக்டரம்மா, தண்ணி எடுக்கப் போனா கொடத்த கொளத்துலயே வுட்டுட்டு வந்துடுவேன்.”

“சொன்ன வேலைய முடிப்பாங்களா?”

“பாதியில ஓடிடும். எனக்குந்தான், களை எடுக்க எறங்குனா பாதி கழனியில வேற ஒண்ணு ஞாபகம் வந்து ஏறிடுவேன். அப்பறம் என்ன வேலைக்குக் கூப்புடறதையே வுட்டுட்டாங்க.”

“பேசும்போது குறுக்கே…”

“எனக்குந்தான்!” என்றார் சந்திரம்மா, கேள்வி முடியும் முன்பே. அவரே சிரித்தார். சிரித்துக்கொண்டே தொடர்ந்தார்: “அட, இத கேளு. இவ கைக்கொழந்த. சந்தைக்கித் தூக்கினு போனேன். தக்காளிய வாங்கினு வூட்டுக்கு வந்துட்டேன், கொழந்தைய அங்கியே வுட்டுட்டு! பூக்காரம்மா தூக்கினு வந்து குடுத்துச்சி. இவ அப்பன் அன்னிக்கி அடிச்ச அடி இருக்கே, அம்மாடி!”

சந்திரம்மா ஒருவர்தான் சிரித்தார். கண்ணகி இந்தக் கதையைக் கேட்டதே இல்லை. அப்பா அடிப்பார் என்று தெரியும். எதற்கு என்று தெரியாது.

சஹானா பேனாவைக் கீழே வைத்தார். “எந்த வயசுலேர்ந்தும்மா உங்களுக்கு இப்படி?”

“பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான். பேஜாரு புடிச்சவன்னுதான் எங்க ஊர்ல என்ன கூப்புடுவாங்க.”

“கண்ணகிக்கு இருக்கறது ஏ.டி.எச்.டி.தான். இது பல நேரம் குடும்பத்துல தொடர்ந்து வரும். உங்களுக்கும் இருக்கலாம்மா. உங்களையும் பார்க்கணும்.”

ஆயுள் முழுக்க எல்லாவற்றுக்கும் “எனக்குந்தான்” சொல்லி வந்த சந்திரம்மா, அன்றுதான் முதல் முறையாக, “எனக்கா?” என்று கேட்டார். கண்ணகி அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்ணகிக்கு மாத்திரை எழுதினார்கள். செங்கல்பட்டு மருந்துக் கடைகளில் அது இல்லை. சென்னைக்குப் போய்த்தான் வாங்க வேண்டியிருந்தது. முதல் நாள் மாத்திரை போட்டுக்கொண்டு, ரிசார்ட்டுக்கு வந்திருந்த ஒரு மின்னஞ்சலை ஆரம்பம் முதல் கடைசி வரை படித்தாள், “நன்றி, வணக்கம்” உட்பட. அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. இப்போதும் சில நாள் குக்கர் தண்ணீரில்லாமல் அடுப்பேறுகிறது. ஆனால் வேலை போகவில்லை. புல்வெளியை யாருக்கும் இரண்டு தடவை கொடுக்கவில்லை. காலையில் மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வைப்பது இப்போது ஆனந்தனின் பொறுப்பு, சமயத்தில் மறந்துவிடுகிறான்.

சந்திரம்மாவுக்கும் பரிசோதனை நடந்தது, அதேதான் என்றார்கள். இரத்த அழுத்தம் இருப்பதால் அவருக்கு மருந்து யோசித்துத்தான் கொடுக்க வேண்டுமாம். பரவாயில்லை என்றுவிட்டார். ஊரில் எதிரே வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, “நான் பேஜாரு இல்ல, எனக்கு ஒடம்புக்கு ஒண்ணு கீதாம், டாக்டரே சொல்லிட்டாங்க” என்கிறார். எதிரே வருகிறவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்று நான் எழுதவும் வேண்டுமா?

இனி உங்களிடம் ஒரு வார்த்தை. இதைப் படித்துக்கொண்டு வரும்போது எத்தனை இடத்தில் உங்கள் வாய் அந்த ஒற்றைச் சொல்லை முணுமுணுத்தது? என்னிடம் மறைக்க வேண்டாம். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, நீங்கள் இந்த ஆசாமிகளில் ஒருவர். அப்படியானால் இனிமேல் எதிரே இருப்பவரை ஒரு வாக்கியமாவது முடிக்க விடுங்கள். இன்னொன்று, நீங்கள் சொல்வது உண்மை. உண்மை என்றால் இப்படிச் சிரித்துக்கொண்டா சொல்லுவோம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சந்திரம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.