காணாமல் போன கீழ் டிவிசன்

சனிக்கிழமை காலையில் முதலில் காணாமல் போனது பிள்ளைக்காம்பராப் பிள்ளைகள்தான். கீழ் டிவிசனில் தாய்மார் றப்பர் பால் வெட்டப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற அத்தனை குஞ்சுகுருமானும், ஒன்று மிச்சமில்லாமல், கம்ப்யூட்டரை விட்டுப் போயிருந்தன.

விஜயகலா திரையை மேலே தள்ளிப் பார்த்தாள், கீழே தள்ளிப் பார்த்தாள். மேல் டிவிசன் பிள்ளைகள் இருந்தார்கள். ஆத்தோர டிவிசன் பிள்ளைகளும் இருந்தார்கள். கீழ் டிவிசன் என்று அடித்தால் மட்டும் வெறும் வெள்ளைத் திரை.

"ஐயா, பிள்ளைகளக் காணோங்கய்யா!"

அடுத்த மேசையில் பெரிய கிளாக்கர் நாகலிங்கம் பேப்பரை இறக்காமலே கேட்டார். "எந்தப் பிள்ளைக?"

"கீழ் டிவிசன் பிள்ளைக."

"இப்பத்தானே றோட்டுல கத்திக்கிட்டு நின்னுச்சுங்க?"

"கம்ப்யூட்டர்லங்கய்யா!"

"அட, கம்ப்யூட்டர்லயா? நான் பயந்தே போய்ட்டேன்" என்று அவர் மறுபடி பேப்பருக்குள் புகுந்துகொண்டார். இரண்டாயிரத்து ஏழு பிறந்தும் அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் தூசி படியாமல் துணி போட்டு மூடி வைக்கிற ஒரு சாமான், அவ்வளவுதான்.

கரவனெல்லைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் அதைத் துணி விலக்கித் தொடுகிற ஒரே ஆள் விஜயகலா. கீழ் டிவிசனில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பால் வெட்டுகிற புஷ்பத்தின் மகளாய் வளர்ந்து, ஆபீசுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள். உட்கார்ந்து மூன்று வருசமாகியும் அவள் தற்காலிகம்தான். தற்காலிகம் என்றால் என்ன? ஸ்டாஃப் வேலை எல்லாம் செய்யலாம், ஸ்டாஃப் குவாட்டர்ஸ் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்கக் கூடாது. போன வெள்ளிக்கிழமைதான் தோட்டத்து மனேஜரான துரை வாயைத் திறந்தார். திங்கட்கிழமை கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் புதுச் சிஸ்டம் ஓடிவிட்டால் அன்றைக்கே அவளுக்கு நிரந்தரக் கடிதம், ஓடாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னால் அது உண்மை என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

புதுச் சிஸ்டம் ஒரு சிடியில் வந்திருந்தது. உள்ளே வரிசையாக நம்பர் போட்ட ஸ்கிரிப்டுகள். பழைய டேட்டாபேஸில் உள்ள டேபிள்களைக் கழற்றி, புது டேபிள்களைக் கட்டி, ஆட்களை ஒருவர் விடாமல் பழையதிலிருந்து புதியதற்குக் குடியேற்றுகிற கட்டளைகள். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த டேபிள்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். பிள்ளை டேபிள் தாயைப் பிடித்திருக்கிறது. தாய் தான் குடியிருக்கிற லயத்து அறையை, காம்பராவை, பிடித்திருக்கிறாள். காம்பரா டிவிசனைப் பிடித்திருக்கிறது. டிவிசனைக் கழற்றப் போனால் கம்ப்யூட்டர் நின்றுவிடும்: "இதை நம்பி வேறு டேபிள் இருக்கிறது, நீக்க முடியாது." மனிதருக்கில்லாத யோசனை மிசினுக்கு இருந்தது.

காலையில் அந்த எரர் வந்ததும் அவள் கொழும்புக்குப் போன் போட்டாள். ஸ்கிரிப்ட் எழுதிய றினாஸ் வரக்காப்பொலைக்காரர், அவள் வாய்க்கு 'நானா', அதாவது அண்ணன். தலைமை ஆபீசில் பெரிய படிப்புப் படித்தவர். "அந்தக் கட்ட அவுத்துட்டு ஓட்டுங்க தங்கச்சி" என்றார். அவள் கட்டை அவிழ்த்துவிட்டு ஓட்டினாள். ஸ்கிரிப்ட் கடைசிவரை ஓடியது. பிள்ளைகள் போய்விட்டார்கள்.

மறுபடி போன் போட்டாள்.

"றினாஸ் நானா, ஒங்க ஸ்கிரிப்டில பிழை இருக்கு."

"என்ட ஸ்கிரிப்ட்ல பிழ ஒண்டும் இல்ல."

"கீழ் டிவிசன் பிள்ளைகளக் காணோமே?"

"ஸ்கிரிப்ட் சரி தங்கச்சி. நீங்க ஒழுங்கு மாத்தி ஓட்டீப்பீங்க."

கம்ப்யூட்டர் எழுதுகிறவன் எவன் தன் பிழையைத் தன் பிழை என்று சொல்லியிருக்கிறான்? விஜயகலாவுக்கு உள்ளுக்குள் எரிந்தது. இருந்தாலும் ஒழுங்கு மாறியிருக்குமோ என்று ஒரு சந்தேகம். இதற்கென்று கொழும்பில் நடந்த பயிற்சிக்கு அவளை அனுப்பவில்லை. யுத்த நேரம், தமிழ்ப் பிள்ளைக்கு அறை கொடுக்க லொட்ஜ்காரன் பொலிஸ் பதிவு கேட்கிற காலம், அதற்கெல்லாம் யார் அலைவது என்று துரை விட்டுவிட்டார். அதனால் அவள் கற்றதெல்லாம் போனில் கற்றது. போன் பாடத்தில் பாதி இரைச்சல்.

பேக்கப்பைப் போட்டுப் பழையபடி ஆக்கினாள். இந்தத் தடவை காம்பராக்களை முதலில் குடியேற்றினாள், பிறகு ஆட்கள், பிறகு பிள்ளைகள். வீடு இல்லாமல் ஆள் எங்கே இருப்பது? நியாயமான யோசனைதான்.

ஓட்டி முடித்துப் பார்த்தாள். இப்போது தாய்மாரும் இல்லை.

"ஐயா, தாய்மாரும் போய்ட்டாங்க!"

"பிள்ளைகளத் தேடிப் போயிருப்பாங்க" என்றார் நாகலிங்கம்.

"வெளையாடாதீங்கய்யா, என் வேலையே போயிரும்."

அவர் பேப்பரை மடித்தார். இரக்கம் வந்துவிட்டது போல. "லொறி மேட்டுல ஏறலேன்னா றிவர்ஸ்ல ஏத்துறதில்லையா? பின்னால இருந்து ஓட்டிப் பாரேன்."

பைத்தியக்கார யோசனை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தவிப்பில் இருக்கிறவளுக்குப் பைத்தியக்கார யோசனைதான் முதலில் காதில் ஏறும். கடைசி ஸ்கிரிப்டிலிருந்து தொடங்கினாள். பாதியில் இடி இடித்தது, கரண்ட் போனது. கரண்ட் வந்தபோது கீழ் டிவிசனில் காம்பராக்களும் இல்லை. ஒவ்வொரு பெயராய் அடித்துத் தேடினாள். ஒருத்தி மட்டும் கிடைத்தாள், பேச்சியாயி.

பேச்சியாயி செத்து ஒன்பது வருசம்.

இது எப்படி என்றால், தோட்டத்தில் ஆள் செத்தாலும் பென்சன் போனாலும் செக்ரோலில், அதாவது சம்பளப் பேர்ப் பட்டியலில், உள்ள நம்பரை விடமாட்டார்கள். மாமியார் நம்பரில் மருமகள் வேலைக்கு இறங்குவாள், மருமகள் நம்பரில் அவள் மகள். பேர் செக்ரோலில் இருந்தால்தான் காம்பரா, அதனால் குடும்பத்தில் யாராவது ஒருத்தர் அந்த நம்பரைக் கெட்டியாகப் பிடித்திருப்பார்கள். பேச்சியாயி நம்பரில் பால் வெட்டிய மருமகள் மேல் டிவிசனுக்கு மாறிப் போயிருந்தாள், ஆபீசில் பெயரை மாற்ற யாருக்கும் கை வரவில்லை. ஆக, கம்ப்யூட்டர் உசிரோடு இருந்த அத்தனை பேரையும் முழுங்கிவிட்டுச் செத்த கிழவியை மட்டும் மேல் டிவிசனில் துப்பியிருந்தது.

செத்தவள் பேரே போகாத தோட்டத்தில் ஒரு டிவிசன் பேரே மொத்தமாய்ப் போகுமா? விஜயகலாவின் புத்திக்கு அது எட்டவே இல்லை. இது பிழை, பிழையேதான், அதுவும் அந்த வரக்காப்பொலைக்காரருடைய பிழை.

அந்த நேரம் பார்த்துத் துரை எட்டிப் பார்த்தார். சிங்களத்தில் கேட்டார், "ஓடிச்சா?"

"ஓடிச்சு சேர். ஆனா கீழ் டிவிசன்..."

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி போட்டார். "ஓடினாப் போதும்" என்று ஜீப்பில் ஏறிவிட்டார். துரைமாருக்கு ஓடினால் போதும். எங்கே ஓடுகிறது, யார் மேல் ஏறி ஓடுகிறது என்றெல்லாம் கேட்கமாட்டார்கள்.

அவள் மூன்றாம் தரம் கொழும்புக்கு எடுத்தாள்.

"தங்கச்சி, நீங்க ஒண்டும் செய்ய வாணாம்" என்றார் றினாஸ். குரலில் அலுப்பு. "சிடியில வந்த மாதிரியே ஓட்டி வெச்சிட்டு ஊட்ட போங்க."

"அப்படி ஓட்டித்தான் பிள்ளைக போச்சு, இப்ப டிவிசனே இல்ல நானா!"

"எனக்குச் சொன்னத்ததான் நான் எழுதின. ஸ்கிரிப்ட் சரி."

போனை வைத்துவிட்டார். விஜயகலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. படித்த திமிரைப் பார், ஒரு ஆறுதல் வார்த்தை, ஒரு மன்னிப்பு உண்டா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு இறங்கவில்லை. புஷ்பம் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி, யாரு திட்டுனா?"

"யாரும் திட்டல. அம்மா, ஒன்னயக் காணோம்."

"இந்தா ஒன் முன்னாலதானே குந்தியிருக்கேன்?"

"கம்ப்யூட்டர்ல காணோம். ஒன்னய மட்டுமில்ல, நம்ம லயத்துல ஒருத்தரையும் காணோம்."

புஷ்பம் கரண்டியைக் கீழே வைத்தாள். "நேத்து காலைல பெரட்டுல, வேலைக்கு ஆள் எடுக்கறப்ப, கணக்கப்புள்ள எம்பேரைக் கூப்பிட்டாரே. ஏண்டி, கம்ப்யூட்டர்ல பேர் இல்லாட்டி காம்பரா போயிருமா?"

"ஐயோ அம்மா, அது மிசின் பிழை. காம்பராவ யாரு எடுக்கப் போறா?"

"எதுக்கும் எம்பேரை மொதல்ல போட்டுரு. பக்கத்து வீட்டுக்காரி பேரை ஆறுதலாப் போடலாம்."

"அப்படிப் போட முடியாதும்மா, எல்லாரும் சேந்துதான் வரணும்."

"என்ன பொல்லாத கம்ப்யூட்டர்? லயத்துல ஒருத்திக்கு ஒருத்தி பேச்சுவார்த்தையே இல்ல, அங்க போயி எல்லாரும் சேந்து நிக்கிறாளுகளாமா?" என்றாள் புஷ்பம்.

விஜயகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு ஒரு யோசனையும் வந்தது. எல்லோரும் சேர்ந்துதானே வர வேண்டும்? அப்படியே கொண்டு வருவோம். றினாஸ் நானாவின் ஸ்கிரிப்டோடு மல்லுக்கட்டுவானேன்? அது தன் பாட்டுக்கு ஓடி முடியட்டும். அதற்குப் பின்னால் ஓட, கீழ் டிவிசனுக்கென்று தானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதுவோம்.

கையைக் கழுவிவிட்டு ஆபீசுக்கு நடந்தாள். நாகலிங்கத்திடம் சாவி வாங்கப் போனபோது அவர் குவாட்டர்ஸ் வாசலில் நின்று கொஞ்சம் தயங்கினார். "விட்டுரு கலா. இருக்கிறதக் காட்டிட்டுக் கடிதத்த வாங்கிக்க."

"கீழ் டிவிசன் இல்லாம எப்படிங்கய்யா காட்டுறது? என்னய முட்டாள்னு நெனைக்க மாட்டாங்களா?"

அவர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

முதலில் டிவிசன். பிறகு லயம், லயத்துக்குள் காம்பரா, காம்பராவுக்குள் ஆள், ஆளைப் பிடித்துக்கொண்டு பிள்ளை. ஒரு கட்டையும் அவிழ்க்காமல், ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பழைய பேக்கப்பிலிருந்து தூக்கிப் புதுச் சிஸ்டத்தில் இறக்கினாள். எரர் வந்தது, திருத்தினாள். இன்னொன்று வந்தது, அதையும் திருத்தினாள். கடைசியில் ஓட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது வந்திருந்தார்கள். புஷ்பம் இருந்தாள். அவளோடு பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரியும் இருந்தாள். பிள்ளைக்காம்பராவில் அத்தனை பிள்ளைகளும் இருந்தார்கள். பேச்சியாயியைக் கூட அவள் மரியாதையாக நீக்கி, மருமகள் பேரைப் போட்டுவிட்டாள்.

யாருமில்லாத ஆபீசில் விஜயகலா வாய்விட்டுச் சிரித்தாள். கொழும்பில் பெரிய படிப்புப் படித்தவன் தொலைத்ததை லயத்துப் பெட்டை கண்டுபிடித்தாளா இல்லையா? இனி யார் சொல்வது தற்காலிகம் என்று?

திங்கட்கிழமை கொழும்பு ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைகள். விஜயகலா இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, மேல் டிவிசனைக் காட்டினாள், தலையாட்டினார்கள். ஆத்தோர டிவிசனைக் காட்டினாள், தலையாட்டினார்கள். பிறகு, பலகாரத்தைக் கடைசியில் வைக்கிறவள் மாதிரி, கீழ் டிவிசனைக் காட்டினாள்.

யாரும் தலையாட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மூவரும் துரையைப் பார்த்தார்கள். துரையின் முகம் சிவந்தது.

"இதை உன்னை யார் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல சேர்" என்றாள் விஜயகலா பெருமையோடு. "கொழும்பு ஸ்கிரிப்டில பிழை இருந்துச்சு. நானே கண்டுபிடிச்சுத் திருத்தினேன். ஒருத்தர் விடாம எல்லாரையும் கொண்டாந்துட்டேன்."

வயதில் மூத்தவர் துரையிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். துரை கையைக் காட்டினார். "நீ வெளிய போ. கூப்பிட்டாத் தவிர வராத."

கதவு மூடிக்கொண்டது. நாகலிங்கம் அவள் பக்கம் திரும்பாமலே எழும்பி ஸ்டோர் பக்கம் போனார்.

விஜயகலா வெளியே கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனால் மண்டை மட்டும் விடாமல் ஓடியது. எந்த டேபிளை மறந்தேன்? எந்த ஒழுங்கு மாறியது? மேல் டிவிசனோடு ஏதாவது கலந்துவிட்டதோ? ஒரு வாய்ப்புக் கொடுத்தால் இப்போதே திருத்திவிடுவேனே, ஐயோ, என்ன பிழை விட்டேன்?

வாங்கின் மறு கோடியில் வெற்றிலை மென்றுகொண்டு ஒருவர் காத்திருந்தார். பால் வற்றிய றப்பர் மரங்களை விறகுக்கு வாங்குகிற கரவனெல்லை ஹஸன் முதலாளி. அவள் அழுவதைக் கண்டு கொஞ்சம் சங்கடப்பட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"தங்கச்சி, ஒங்கட துரக்கிட்டக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களே, கீழ் டிவிசன் சனம் எப்ப லயத்த உட்டு எழும்புற? மரத்தோட சேத்து லயத்துக் கூரத் தகரத்தயும் எனக்கு வித்து ரெண்டு மாசமாச்சி!"