என் மீது ரிப்போர்ட் போட்ட கம்ப்யூட்டர்

கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் கலந்த மாப்பிள்ளை சரண் அவர்களுக்கு,

கிள்ளானிலிருந்து மாமா வேலாயுதம் எழுதிக்கொள்வது. பத்துமலை முருகன் புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தை லோகேஸ்வரியும் சுகம். பெர்த்தில் நீங்களும் மகள் குமுதாவும் புதிதாகப் பிறந்திருக்கும் பேரனும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். சுகமில்லாதது, சீனப் பெருநாளுக்கு வந்தபோது விண்டோஸை எடுத்துவிட்டு நீங்கள் லினக்ஸ் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர் மட்டும்தான். குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. மாப்பிள்ளை கை வைத்த பொருளைக் குறை சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. வைரஸ் வராது என்றீர்கள், அது உண்மை. சரஸ்வதி பூஜைக்கு மறுநாளிலிருந்து அதற்குள் எதுவுமே வருவதில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை பேரனுக்குப் பெயர் வைக்கிறீர்கள். அவன் காதில் மூன்று முறை பெயர் சொல்லும் உரிமையை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதைக் கம்ப்யூட்டரில், பெரிய திரையில், வேட்டி கட்டிக்கொண்டு சொல்லப் போகிறேன் என்று அம்பாங்கில் இருக்கும் என் தங்கை குடும்பம் வரைக்கும் சொல்லி, பார்க்க வரச் சொல்லியும் விட்டேன். வயர்லெஸ் வராவிட்டால் என் மானம் போவது இருக்கட்டும். பிள்ளையைப் போட்டோவில் பார்த்ததோடு சரி, அவன் கைகாலை ஆட்டுவதை நான் இன்னும் பார்க்கவில்லை. அதுதான் மனதைப் போட்டு அரிக்கிறது.

வயர்லெஸை ஓட்டும் டிரைவர் என்ற புரோகிராம் போயிருக்கும் என்று போனில் சொன்னீர்கள். அந்த டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட் வர டிரைவர் வேண்டும் என்றும் நீங்களே சொன்னீர்கள். மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்தக் கறுப்புச் சன்னலைத் திறந்து, 'சூடோ' என்று தொடங்கும் மந்திரத்தை அடித்து, பாஸ்வேர்டைப் போட்டால் திரையில் ஓர் எழுத்து, ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. கீபோர்ட் செத்துவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். அதிலும் தெரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது, அது கேட்டும் கேட்காத மாதிரி இருக்கும் ரகம் என்று. கடைசியில் அது வாயைத் திறந்தபோது, எனக்கு அனுமதி இல்லை, இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும் என்று ஆங்கிலத்தில் எழுதியது. யாரிடம் என்று எழுதவில்லை.

அரசாங்க வேலையில் ஒரு மெமோகூட வாங்காதவன் நான். சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் லோகேஸ்வரி.

"எங்கயும் இல்ல. யாராச்சும் விசாரிக்க வருவாங்க."

சாயங்காலம் வரை ரொட்டிக்காரர் மட்டும்தான் வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று மலாயில் ஒரு விளக்கக் கடிதம் எழுதி, மூன்று பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று சிபியூவைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு கொமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "சாமி சிலையாண்ணே?" என்று கேட்டார். விளக்கிச் சொல்லத் தெம்பில்லாமல் ஆமாம் என்றேன். அவர் கும்பிட்டார், இடமும் விட்டார். கடைக்காரர் நாகையா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டிரைவர் எல்லாம் ஓகே லா அங்கிள். வைஃபை டாங்கிள் எங்க? பின்னால குத்தியிருக்குமே, நகம் சைஸ்ல ஒன்னு. அது இல்லாம எப்படி லைன் வரும்?"

வீட்டுக்கு வந்து லோகேஸ்வரியிடம் கேட்டேன்.

"அதுவா? சாமி மேடையில இருக்கு. ஆயுத பூஜைக்கு கம்ப்யூட்டர முழுசா தூக்கி வைக்க முடியுமா? அதான் அதுலேருந்து சின்னதா ஒன்னு எடுத்து வச்சேன். அப்புறம் மறந்துட்டேன்."

என் பேனாவுக்கும் அவளுடைய கத்தரிக்கோலுக்கும் நடுவில், சந்தனம் குங்குமத்தோடு அது உட்கார்ந்திருந்தது. துடைத்துக் குத்தினேன். அதன் சின்ன விளக்கு மின்னியது, லைன் வந்துவிட்டது. ஆகவே லினக்ஸைப் பற்றி நான் மனதுக்குள் சொன்னதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் எனக்கும் ஏதாவது சின்னப் பதவி போட்டுக் கொடுத்தால் நல்லது. வெள்ளிக்கிழமை பெரிய திரையில் சந்திப்போம். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசி என்றும் உண்டு.

இப்படிக்கு,
மாமா வேலாயுதம்

பி.கு.: இந்தக் கடிதத்தைப் போனில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பச் சொல்லி லோகேஸ்வரியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அந்தக் கம்ப்யூட்டர்ல மைக் எங்க இருக்கு?" என்று கேட்டாள். தேடினேன். இல்லை. கேமராவும் இல்லை. "நான் தினமும் இந்தப் போன்லதான் பிள்ளையப் பார்த்துப் பேசுறேன். உங்களக் கூப்பிட்டா, சின்ன போன்ல பார்க்க மாட்டேன்னு சொன்னது யாரு?" என்று கேட்டு, உடனே குமுதாவை அழைத்து அவனைக் காட்டினாள். மாப்பிள்ளை, என் பேரன் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டான். நான் அழுதுவிட்டேன். பிறந்ததிலிருந்து நீங்கள் எல்லாரும் அவனை 'மொட்ட பாஸ்' என்றுதான் கூப்பிடுகிறீர்கள் என்று குமுதா அப்போதுதான் சொன்னாள். பரவாயில்லை. வெள்ளிக்கிழமை போனிலேயே சொல்கிறேன், அவன் காதோரம் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை நல்ல பெயர், மூன்றாவது முறை மொட்ட பாஸ்.