வேலிக்குள் போன குசினி

படித்த பிள்ளையிடம் அளவுநாடாவைக் கொடுக்கலாம், லொறியைக் கொடுக்கக் கூடாது. எங்கள் குடும்பத்தில் இது எழுதாத சட்டம். சட்டம் வரக் காரணமானவன் நான்.

1990ஆம் ஆண்டின் தொடக்கம். சண்டை கொஞ்சம் ஓய்ந்து, தெற்குப் பாதை திறந்திருந்தது. சில வருடங்களுக்கு முன் நான் நெருப்புக்காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் கதிர்காமத்தில் காவடி எடுக்க வைப்பதாக அம்மா நேர்த்தி வைத்திருந்தார். நான் எழும்பிவிட்டேன், பாதைதான் படுத்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் முருகனுக்குத் தவணை சொல்லியே அம்மா களைத்துப் போயிருந்தார்.

"உந்தப் பாதையைத் திரும்ப எப்ப பூட்டுவினமோ தெரியாது. இப்ப போகாட்டி நான் போகவே மாட்டன்" என்றார்.

இணுவிலிலிருந்து கதிர்காமம் என்றால் இலங்கையின் இந்த அந்தத்திலிருந்து அந்த அந்தம். பெரியம்மா வீட்டார், சித்தப்பா வீட்டார், குஞ்சு குருமான்கள் எல்லோரும் வெளிக்கிட்டார்கள். வழியில் எங்கே தங்குவது? லொறியையே வீடாக்கிவிடலாம் என்றேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படம் கீறப் படித்தவன் என்பதால் பொறுப்பும் எனக்கே வந்தது. (வரவில்லை, நானாகப் பறித்துக்கொண்டேன்.)

மருதனார்மடத்தில் ஒரு அடக்கமான புது லொறி இருந்தது. "உது காணும், பெரிசு வேண்டாம்" என்றார் ஐயா, என் தகப்பன். நான் கேட்கவில்லை. நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றும் துரை அண்ணையின் பழைய பெரிய லொறிதான் என் கண்ணுக்குப் பிடித்தது. விஷயம் தெரிந்தவனைப்போல டயரைக் காலால் உதைத்துப் பார்த்தேன். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை, என் கால்விரல் நகம் போயிற்று.

லொறி எங்கள் வீட்டுக்கு வரும் குறுகிய ஒழுங்கைக்குள்ளால் வழுக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றது. தச்சரை வைத்து வேலையைத் தொடங்கினேன். பெரியவர்களுக்குக் கீழே படுக்கை, பிள்ளைகளுக்கு மேலே பரண், மழைக்கு இழுத்து மூடப் படங்கு. இடது பக்கம் தண்ணீர்ப் பீப்பா. எல்லாவற்றுக்கும் மகுடமாக, வலது பக்கத் தட்டியை வெட்டி, வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும் ஒரு குசினி. அடுப்புப் புகை உள்ளே வராது, அம்மா காற்றாட இருந்து சமைக்கலாம். நான் கீறிய படத்தில் அகப்பை தொங்கும் ஆணிகூட இருந்தது. ஒழுங்கை மட்டும் இல்லை.

அந்த ஒழுங்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கம் கல்மதில். மறுபக்கம் அயல்வீட்டு வல்லிபுரத்தாரின் தென்னோலைக் கிடுகு வேலி. அவர் வேலித் தடிகளான கதியால்களை ஒரு சாண் தள்ளி எங்கள் ஒழுங்கைக்குள் நட்டுவிட்டார் என்று ஐயா வழக்குப் போட்டு, வழக்கு நீதிமன்றத்தில் நித்திரை கொண்டிருந்தது. இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லை. நல்லது கெட்டதுக்கும் போவதில்லை.

புறப்படும் நாள் காலை, நல்ல நேரத்தில் தேங்காய் உடைத்து, டயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தோம். அம்மா தன் புதுக் குசினியில் போய் இராணிபோல உட்கார்ந்தார். லொறி வாசல் படலையைத் தாண்டி ஒழுங்கைக்குள் திரும்பியது. 'சரசர' என்றொரு சத்தம். பிறகு 'மடக்'.

வலது பக்கம் எங்கள் குசினியைக் காணவில்லை. அம்மாவோடு சேர்ந்து வேலிக்குள் போய்விட்டது.

"தம்பி, உள்ளை வந்த லொறி வேறை, வெளியிலை போற லொறி வேறை" என்றார் துரை அண்ணை, மிக அமைதியாக.

"பின்னுக்கு எடுங்கோ அண்ணை!"

"எடுக்கக் கூடாது!" வேலிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது. "தேசிக்காய் நசிச்சு நேர்த்திக்கு வெளிக்கிட்ட வண்டி பின்னுக்குப் போனா, முருகன் வரவேண்டாம் எண்டு சொன்னமாதிரி."

ஐயாவோ இறங்கி நின்று முகமெல்லாம் மலர்ந்தார். "பாத்தியே! ஒரு சாண் எண்டு நான் அப்பவே சொன்னனான்!" (குசினி ஒரு முழத்துக்கு மேலே தள்ளியிருந்தது. அதைச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.)

"அவரிட்டை ஒருக்காக் கேட்டுப் பாப்பமே, ஐயா?"

"அவனிட்டைக் கேக்கிறதெண்டா நான் கதிர்காமத்துக்கு நடந்தே போவன்."

அதற்குள் வேலிக்கு அப்பால் வல்லிபுரத்தார் வந்துவிட்டார். ஒரு சாணுக்காக வருடக்கணக்காய் வழக்காடிய மனிதரின் வளவுக்குள், எதிராளியின் அடுப்படி பெண்சாதியோடு நுழைந்து நிற்கிறது.

"உதென்ன, தங்கச்சி, உதுக்குள்ளை இருக்கிறீர்?" என்று கேட்டது அவர் குரல்.

"அண்ணை, மூத்தவன்ரை நேர்த்திக்குப் போறம். வண்டி இறுகிப் போச்சு." அம்மாவின் குரல் உடைந்தது. "பாதை திறந்திருக்கேக்கை போகாட்டி..."

அவர் வீட்டுக்குள் போய், கையில் கத்தியோடு வந்தார். "ஐயோ, வெட்டப் போறான்!" என்று ஐயா பாய்ந்தார். வல்லிபுரத்தார் வெட்டினார்தான். தன் வேலிக் கட்டுகளைத் தானே வெட்டினார், கிடுகைத் தானே இழுத்து எறிந்தார். வழக்குக்குரிய அந்தக் கதியால்களையே ஒவ்வொன்றாய் ஆட்டிப் பிடுங்கினார். கடைசிக் கதியால் அசையவில்லை. ஐயா சற்று நேரம் வானத்தைப் பார்த்தார், பிறகு போய் மறுபக்கம் பிடித்தார். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள்.

லொறி முன்னுக்குத்தான் போனது, ஒரு அங்குலமும் பின்னுக்குப் போகவில்லை. வல்லிபுரத்தாரின் மனைவி ஓடிவந்து குசினிக்குள் ஒரு தேங்காயை வைத்தார். "எங்கடை பேரிலையும் ஒண்டு உடையுங்கோ."

"வேலியை இப்ப அடைக்கேல்லை" என்றார் வல்லிபுரத்தார், முதல்முறையாக ஐயாவைப் பார்த்து. "திரும்பி வரேக்கையும் உந்தக் குசினியோடைதானே வருவியள்."

காவடி எடுத்தேன். அம்மா அழுதழுது கும்பிட்டார். நாங்கள் திரும்பி வந்தபோதும் வேலி திறந்தபடியே கிடந்தது. ஐயா வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதில் கவலைப்பட்டவர் வழக்குப் பேசிய அப்புக்காத்து ஒருவர்தான்.

சில மாதங்களில் மீண்டும் சண்டை மூண்டு, பாதை பூட்டுப்பட்டது. அது திரும்பத் திறக்கும் காலத்தில் அம்மா இல்லை. அவர் கதிர்காமம் கண்டது அந்த ஒரு முறைதான். அன்று அந்த மனிதர் கத்தியோடு வந்திராவிட்டால் அதுவும் இல்லை. நினைக்கும்போதெல்லாம் அவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

வேலியைப் பிறகு அடைத்தார்கள், ஆள் போகுமளவு இடைவெளியாக ஒரு பொட்டு மட்டும் விட்டு. அதற்கு லொறிப் பொட்டு என்று பெயர். இரண்டு வீட்டுக் கறிச்சட்டிகளும் அதற்குள்ளால்தான் போய்வந்தன.

போன மாதம் புது அலுமாரி வாங்க, அளவுநாடாவைக் கையில் எடுத்தேன். வல்லிபுரத்தாரைக் கண்ணாலும் கண்டிராத என் மகள் உள்ளேயிருந்து கத்தினாள்:

"அம்மா, அப்பா அளக்கத் தொடங்கிட்டார். வல்லிபுரத்தாருக்குச் சொல்லி விடுங்கோ, கத்தியோடை வரட்டாம்!"