ஊர் கிடைக்காத திருடன்

கதையில் வரும் திருடனுக்கு ஓர் ஊர் மட்டும் கிடைத்துவிட்டால் போதும், மற்றதை அவனே பார்த்துக்கொள்வான் என்று வேல்விழி நினைத்துக்கொண்டிருந்தாள். எதிரே, கோம்பையில் அந்த ஊர்ச் சாதி நாய்களை வளர்த்து விற்கும் மலைச்சாமி மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கோம்பை நாய் குரைக்கலைன்னு எப்படித்தா சொல்லலாம்? நாளைக்கு எவன் எங்கிட்ட வந்து குட்டி வாங்குவான்?"

தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் கதை சொல்லும் பயிலரங்கு நடந்தது. நடத்தியவள் வேல்விழி. வாரம் முழுக்கக் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் வேலை. ஞாயிறு மட்டும் கதை. பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள் தத்தம் வீட்டில் கேட்ட பழைய சேதிகளைச் சொல்வார்கள். அவற்றைக் கோத்து, வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழாவுக்கு முன்னால் மேடையேற்ற வேண்டும் என்பது ஏற்பாடு.

பலரும் சொன்ன ஒரு சேதியில்தான் சிக்கல். வெள்ளைக்காரன் காலம். ஊரே வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிருந்த ராத்திரியில் கோம்பையில் ஒரு தெரு முழுக்கக் களவு போனது. காவலுக்கு இருந்த நாய்களில் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. விடிவதற்குள் திருடன் மேற்கு மலையில் ஏறி மூடுபனியில் மறைந்துவிட்டான். பேரும் தெரியாது, ஊரும் தெரியாது.

வேல்விழிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. எதையும் எடைபோட்டு, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்துப் பூட்டுகிற தன் நாட்களுக்குள் யாரிடமும் பிடிபடாத ஒருவன் நடந்துபோனான். கடைசிக் காட்சியில் அவன் திரும்பி நின்று தன் பேரைச் சொல்ல வேண்டும் என்று அவள் தீர்மானித்திருந்தாள். அந்தப் பேர் மட்டும் அகப்படவில்லை.

"சரிண்ணே, நாய்க்கு மயக்க மருந்து போட்டான்னு மாத்திருவோம்."

மலைச்சாமி எழுந்தே விட்டார். "கண்டவன் போட்டதத் திங்க அது என்ன தெருநாயா? பழகுன கையில தவிர பச்சத்தண்ணி வாங்காது, தெரியுமா!"

நாய் குரைக்கவில்லை என்பதை அப்படியே விட்டு, அதற்கு ஈடாகத் திருடனைப் போடிக்காரனாக ஆக்கினாள் வேல்விழி. வேற்றூர் மாயக்காரன் என்றால் நாய்க்கு இழுக்கில்லை. மலைச்சாமி அமர்ந்தார். செல்வமணி எழுந்தார்.

செல்வமணி அண்ணாச்சி போடியில் ஏலக்காய் வியாபாரி. நிகழ்ச்சிக்கு மண்டபம் பிடித்துக் கொடுத்தவர். "யாவாரம் பண்ற ஊரு தாயி! போடிக்காரன் களவாணின்னு மேடையில சொன்னா, நாளைக்கு எவன் நம்மள நம்பிச் சரக்கு அனுப்புவான்?"

திருடன் மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரளத்துக்காரன் ஆனான். உடனே கூடத்தில் பாதிப் பேர் கைதூக்கினார்கள். "தெனம் ஜீப்புல அங்கனதான வேலைக்குப் போறோம், அவுக மூஞ்சியில எப்படி முழிக்க? எம்மகளையே அங்கனதான் குடுத்திருக்கேன்!"

ஆக, அவனுக்கு ஊரே இல்லாமல் போயிற்று. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்புகிற பேருந்தில், ஜன்னலோரம் தலை சாய்ந்த நேரத்தில், அவன் அவள் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தான். 'எந்த ஊருக்கு டிக்கெட் எடுக்க?' என்று கேட்டான். வெளியே ஆனிக்காற்றுக்கு முந்திக்கொண்ட ஏதோ ஒரு காற்று தென்னந்தோப்புகளை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு மீசை. திருடனாக நடித்த சூரியபிரகாஷ் முறுக்கு மீசையோடு வந்தான். "அது எங்க ஆளுக மீசை" என்றார் ஒருவர். தொங்கவிட்டான். "இது எங்க சித்தப்பா மீசையாச்சே!" நறுக்கிச் சிறிதாக்கினான். அது இன்னொரு குடும்பத்தின் சுவரில் மாலை போட்ட படத்தில் இருந்தது.

"எடுத்துரு தம்பி" என்றாள் வேல்விழி.

"அக்கா, வர்ற வாரம் பொண்ணு பாக்கப் போறேன்க்கா!"

"பொண்ணு உன்னையத்தான பாக்கப் போகுது, மீசையையா?"

எடுத்துவிட்டு வந்தான். கூடம் சிரித்தது. செல்வமணி அண்ணாச்சிக்குப் பக்கத்தில் எப்போதும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி யுவராணி மட்டும் சிரிக்கவில்லை.

திருடனாக இருக்க யாருக்கும் சம்மதமில்லை. ஆனால் திருட்டுக் கொடுக்க அடிதடியே நடந்தது. களவு போயிருக்கிறது என்றால் களவு போக வீட்டில் ஏதோ இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்!

"எங்க வீட்டுல மட்டும் காசுமாலை, ஒட்டியாணம், வெள்ளிக் குத்துவிளக்கு" என்றார் செல்வமணி. "அப்ப எங்க முன்னோருக அந்தத் தெருவுலதான் இருந்தாக. அம்புட்டையும் பறிகொடுத்துட்டு, அடுத்த வருசமே போடியில கடை போட்டாரு எங்க பூட்டன்! அதாம்மா உழைப்பு. அதயும் கதையில சேத்துக்க."

"அப்ப எங்க வீட்டுல என்ன, உலக்கையவா தூக்கிட்டுப் போனான்?" என்றார் மலைச்சாமி. "எங்களுக்கும் ஒரு ஒட்டியாணம் போடுத்தா."

கேட்டவர்களுக்கெல்லாம் போட்டாள். மூட்டை பெருத்தது. "இம்புட்டையும் தூக்கிட்டு மலையேறணும்னா எனக்குக் கிரேன்தான்க்கா வேணும்" என்றான் சூரியபிரகாஷ்.

வங்கிக் கவுண்டரில் யாரோ ஒருத்தியின் தோடுகளை உரைகல்லில் உரசிக்கொண்டிருந்தபோது அவன் மறுபடி வந்தான். ஊர் இல்லை, மீசை இல்லை, முகம்கூட நனைந்த துணிபோல வெளிறியிருந்தது. 'என்கிட்ட இன்னும் என்னத்த எடுக்கப்போற?' என்று கேட்டான். நான்தான் இவனைத் திருடிக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது. திரும்பிப் போகும்போது அவன் நடை எங்கேயோ பார்த்த நடையாக இருந்தது. இடுப்பில் எதையோ தாங்கிக்கொண்டு, மெதுவாக, அவசரமே இல்லாமல்.

நிகழ்ச்சியன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. சூரியபிரகாஷ் மூட்டையோடு புகைக்குள் நடந்தான். நாய்கள் குரைக்கவில்லை, மலைச்சாமி முன்வரிசையில் இருந்து முறைத்தார். திருடன் மலை விளிம்பில் நின்று, பள்ளத்தாக்கை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பேர் சொல்ல வேண்டிய இடம். பேர் இல்லாததால் பேசாமல் மறைந்தான்.

பிறகு செல்வமணி எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"பேரச் சொல்லும்மா! எங்க சொத்தக் கொண்டுபோனவன் யாருன்னு தெரியாம நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?"

"ஆமா, பேரச் சொல்லு!" என்று நாலு பக்கமும் குரல் எழுந்தது. இத்தனை நாள் அவனை வேண்டாம் என்றவர்களுக்கு இப்போது அவன் வேண்டியிருந்தான். ஏதாவது ஒரு பேரைச் சொல்லிவிட்டால்தான் என்ன என்று யோசித்தபடி வேல்விழி படுதாவின் ஓரத்தில் மைக்கைக் கையில் எடுத்தாள்.

யாரோ அவள் முழங்கையைத் தொட்டார்கள். யுவராணி.

"மைக்க அமத்துங்கக்கா." வேல்விழி அணைத்தாள். "நீங்க மீசைய எடுத்தன்னைக்கே, ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சோன்னு நெனச்சேன். எங்க வீட்டுல எதுவும் களவு போகலக்கா."

"பெறகு?"

"வந்துச்சு."

யுவராணி படுதா இடுக்கு வழியாகத் தன் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். "பிள்ளத்தாச்சியாச்சேன்னு அன்னைக்கு எங்க வீட்டு மருமக ஒருத்தரத்தான் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போகாம விட்டுட்டுப் போனாக. கல்யாணமாகி வந்தன்னைக்கு எங்க அத்தை இத என் காதுல சொன்னாக, அவுகளுக்கு அவுக அத்தை. ஆம்பளைகளுக்குத் தெரியாது." பிறகு இன்னும் நெருங்கி, வேல்விழியின் காதில் ஒரு பேரைச் சொன்னாள்.

சின்னப் பேர். வீட்டில் கூப்பிடுகிற பேர்.

"அப்ப அந்த நாய்க? அந்த மலை?" என்றாள் வேல்விழி.

"தெனம் கஞ்சி ஊத்துன கையப் பாத்து எந்த நாய்க்கா குரைக்கும்? மலைக்கெல்லாம் அவுக ஏறல. விடிஞ்சதும் எப்பவும்போல வாசல் தெளிச்சுக் கோலம் போட்டாக, எங்க வீட்டுக்காரரோட பூட்டி."

வேல்விழி மேடைக்கு வந்தாள். செல்வமணி அண்ணாச்சி இன்னும் நின்றுகொண்டிருந்தார். "சொல்லும்மா, யாரு அந்தக் களவாணி?"

அவள் மைக்கை மறுபடி இயக்கினாள். உதட்டருகே கொண்டுபோனாள்.

"அது சொல்றதுக்கில்லண்ணாச்சி" என்றாள், மெதுவாக.