நாற்காலிக் கடைக்கு அளவெடுத்த டெய்லர்

உலகத்திலேயே உட்காரத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் டெய்லர்தான். வில்லாபுரத்தில் நான் நடத்துவது பந்தல், பாத்திரம், நாற்காலி வாடகைக் கடை. முந்நூறு நாற்காலி கிடக்கும்; ஒன்றில்கூட அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. லேப்டாப்பைக் கவிழ்த்த அண்டா மேல் வைத்து நின்றுகொண்டே தட்டுவார். நாலு வரி தட்டியதும் கால் அரிக்கும், டீக்கடை வரை ஒரு நடை போய்விட்டு வருவார்.

தையலுக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. கடைகளுக்கு அளவெடுத்து சாப்ட்வேர் எழுதிக் கொடுப்பதுதான் தொழில். ரெடிமேட் சாப்ட்வேர் என்று யாராவது சொன்னால் போதும், "ஊருக்கெல்லாம் ஒரே சட்டையாண்ணே?" என்று சண்டைக்கு வருவார். அதனால் வந்த பெயர் அது. அவர் போட்டிருந்த சட்டை என்னவோ எப்போதும் ரெடிமேட்தான், அதுவும் ரெண்டு சைஸ் பெரிசு.

முந்தின முகூர்த்தத்தில் ஒரே நூறு நாற்காலியை ரெண்டு கல்யாணத்துக்கு எழுதிவிட்டேன். மண்டபத்து வாசலில் பெண்ணின் தாய்மாமனிடம் வாங்கிய வசவு இன்னும் காதில் இருக்கிறது. இன்னொரு தடவை அப்படி ஆனால் கடையை மூட வேண்டியதுதான். வைகாசிக்குள் சாப்ட்வேர் போட்டே ஆக வேண்டும். ரெடிமேட் கம்பெனி ஆள் அரை மணி நேரம் போதும் என்றார். டெய்லர் ஒரு மாதம் கேட்டார்.

"ஒரு மாசமா? எதுக்குய்யா?"

"கடையப் பாக்கணும்லண்ணே."

பார்த்தார். லோடு ஆட்டோவில் தொற்றிக்கொண்டு எல்லாக் கல்யாணத்துக்கும் போனார். திரும்பி வந்து, "மாப்ள வீட்டு ஆளுக சேரைத் தூக்கி மரத்தடியில போட்டுர்றாக. அது வர ரெண்டு நாளாகுது" என்று அறிக்கை வாசித்தார். குடோனுக்குள் நாளைக்குப் பத்து தடவை புகுந்து எதையோ எண்ணினார். எனக்குத் தலை சுற்றியது.

முப்பதாம் நாள் சாப்ட்வேர் வந்தது. முந்நூறு நாற்காலி இருக்கிற கடைக்கு, 'கையிருப்பு 250' என்றது. எனக்கு வந்ததே கோபம்!

"ஏய்யா, ஒரு மாசம் எண்ணுன லட்சணமா இது? எம்புட்டு சேருன்னுகூடத் தெரியாதா?"

"அண்ணே, அது வந்து..."

"ஒண்ணும் வர வேணாம். கெளம்பு."

அன்று சாயங்காலமே ரெடிமேட் ஏறியது. முந்நூறை முந்நூறு என்றே சொன்னது. வைகாசி முகூர்த்தத்துக்கு மொத்தத்தையும் பதிந்து, ஒரு பேச்சும் வாங்காமல் அனுப்பிவைத்தேன்.

முகூர்த்தத்தன்று காலை பக்கத்துத் தெரு பால்காரர் இறந்துபோனார். அவர் தம்பி வந்து கடை வாசலில் நின்றார். கேத வீட்டுக்கு 'இல்லை' என்று எங்கள் கடை சொன்னதே கிடையாது. யாரும் முன்பதிவு செய்துவிட்டுச் சாவதில்லையே! அதற்காகவே பின்னறையில் ஐம்பது நாற்காலியை எந்தக் கல்யாணத்துக்கும் எடுக்காமல் விட்டுவைப்பேன். கை பாட்டுக்குச் செய்கிற காரியம். நோட்டில் எழுதியதுமில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை. இந்தத் தடவை கம்ப்யூட்டர் சொன்னபடி அதையும் ஏற்றி அனுப்பியிருந்தேன். பின்னறை காலி.

போனைப் போட்டேன். "டெய்லரு, அந்த அம்பது..."

"கேத வீட்டுக்குண்ணே. மாசம் முழுக்க நீங்க அதைக் கேதத்துக்கு மட்டுந்தான் எடுத்தீங்க, கல்யாணத்துக்குத் தொடவே இல்லையே. கணக்குல காட்டுனா யாராச்சும் கேட்டு வாங்கிருவாகன்னு மறைச்சேன். நீங்க சொல்ல விட்டாத்தானே? இருங்க, வாரேன்."

அரை மணியில் ஐம்பது நாற்காலியோடு லோடு ஆட்டோவில் வந்து குதித்தார். அவனியாபுரத்தில் ஒரு வாடகைக் கடைக்கும் அவர்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். அங்கேயும் ஐம்பதை மறைத்துத்தான் வைத்திருக்கிறார்! பால்காரர் வீட்டு வாசலில் அவரே ஓடி ஓடி வரிசையாகப் போட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு என்மேலதான்யா. உன்னோடதையே போட்டுரு" என்றேன்.

டெய்லர் இப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார். அவர் சாப்ட்வேர்தான் கடையில் ஓடுகிறது. எங்கள் பகுதியில் எந்த வீட்டில் கேதம் என்றாலும், இறந்தவருக்கு முன்னால் எனக்கு டெய்லர் ஞாபகம்தான் வருகிறது. இறந்தவர்கள் மன்னிக்கட்டும். அந்த மனுஷன் மேல் எனக்கு அத்தனை பிரியம்.