ஏணிக்கு ஒரு சொட்டு ரத்தம்

முதலில் எனக்குத் துரோகம் செய்தது பக்கத்து வீட்டுப் பெயிண்டர். மூன்று வருடத்துக்கு முன்னால் என் ஏணியை இரவல் வாங்கினார். "நாளைக்குத் தந்துடறேன் அண்ணே" என்றார். அந்த நாளை இன்னும் விடியவில்லை. இரண்டாவதாகத் துரோகம் செய்தது என் ரத்தம். மூன்றாவது என் மனைவி. வரிசையை மாற்றிச் சொல்லக் கூடாது. நான் யாரையும் மறப்பதில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாற்பது வருடம் தராசு ரிப்பேர் பார்த்தேன். அரிசிக் கடைத் தராசோ, பழைய இரும்புக் கடைத் தராசோ, எது பொய் சொன்னாலும் என்னிடம்தான் வரும். அப்படிப்பட்டவனைப் பார்த்து, உள்ளங்கை அகல மிஷின் ஒன்று, "உனக்குச் சர்க்கரை" என்று சொல்லிவிட்டது.

அன்றோடு என் தட்டில் சோறு போனது. பின்னாலேயே ரொட்டி போனது. உருளைக்கிழங்கு சொல்லிக்கொள்ளாமலே போனது. காலிஃபிளவரைத் துருவி வதக்கி, அதற்குச் சோறு என்று பெயர் வைத்தாள் என் மனைவி. அந்தக் காலிஃபிளவருக்கே அது தெரிந்திருக்காது.

டிசம்பர் பிறந்தது. தெரு முழுக்கக் கேக் வாசனை. நான் முட்டையும் கீரையும் தின்றுகொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மூக்கு மட்டும் பண்டிகை கொண்டாடியது. பொறுக்க முடியாமல் பேச்சுவார்த்தையில் இறங்கினேன்.

"ஏம்மா, வருஷத்துக்கு ஒரே ஒரு நாள். ஒரே ஒரு துண்டு."

"எத்தனை கிராம்?"

"தராசுக்காரன் பொண்டாட்டின்னு காட்டறியா?"

"எத்தனை கிராம்னு கேட்டேன்."

"நூறு."

அவள் கீரையை ஆய்ந்துகொண்டே யோசித்தாள். "சரி. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலைல, வெறும் வயித்துல பார்ப்போம். நூத்தி முப்பதுக்குள்ள இருந்தா நூறு கிராம். திராட்சை, முந்திரி எல்லாம் போட்ட நிஜக் கேக்."

"தாண்டிட்டா?"

"அடுத்த டிசம்பர்ல பேசிக்கலாம்."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் எப்பங்க உங்ககிட்ட பொய் சொன்னேன்?"

உண்மைதான். அவள் பொய் சொல்வதில்லை. சொல்லாமல் விடுவதுதான் அவள் தொழில்.

நான்கு நாள் உத்தமனாக இருந்தேன். ஐந்தாம் நாள் பரண்மேல் ஒரு தகர டப்பாவைப் பார்த்தேன். பரணுக்கு ஏணி வேண்டும். ஏணி பெயிண்டரிடம். நாற்காலிமேல் முக்காலி போட்டு, அதன்மேல் அறுபத்தேழு வயதை ஏற்றினேன். டப்பாவைத் திறந்தால், கேக்.

தினமும் அவள் குளிக்கப் போகும் நேரத்தில் ஓரத்திலிருந்து விரல் அகலம் வெட்டினேன். கொஞ்சம் வறட்டுக் கேக்தான். இனிப்பும் மட்டு. பதம் தப்பிவிட்டதால் மேலே தூக்கி வைத்துவிட்டாள் போல என்று நினைத்தேன். இருந்தாலும் திருடித் தின்கிறவனுக்கு ருசி கேட்கும் உரிமை கிடையாது.

இருபத்திமூன்றாம் தேதி எட்டிப் பார்த்தேன். டப்பாவில் பாதிதான் மீதி. இத்தனை கேக் உள்ளே போயிருந்தால் மறுநாள் மிஷின் முந்நூறு காட்டும். நூறு கிராம் நிஜக் கேக் போய்விடும்.

அப்போதுதான் என் தொழில் எனக்குக் கை கொடுத்தது. தராசை ஏமாற்ற நினைப்பவன் முட்டாள். கெட்டிக்காரன் தராசைத் தொடவே மாட்டான். தட்டில் வைக்கிற பொருளை மாற்றிவிடுவான். மிஷினும் தராசுதான். ரத்தம்தான் பொருள். சந்தோஷத்தில் எனக்குக் கை கால் பரபரத்தது. முப்பது வருடம் குறைந்த மாதிரி இருந்தது.

விடிந்தது. என் அதிர்ஷ்டம், அவள் கை இரண்டும் மாவில் இருந்தன.

"நீங்களே குத்திப் பாருங்க. மிஷின்ல சொருகற ஸ்ட்ரிப் ஒண்ணுதான் டப்பியில இருக்கு. வீணாக்கிடாதீங்க."

மிஷினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கச் சுவருக்குப் பறந்தேன். அந்தப் பக்கம் பெயிண்டர் என் ஏணிமேல் நின்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். ஒட்டடைக் குச்சி மாதிரி ஆள். மூன்று தட்டுச் சோறு தின்றுவிட்டு, "எனக்கு ஒரு வியாதியும் கிடையாது அண்ணே" என்று என் முகத்துக்கு நேராக ஏப்பம் விடுகிறவர். இதைவிடச் சுத்தமான சரக்கு எங்கே கிடைக்கும்?

"பெயிண்டரே, சாப்பிட்டாச்சா?"

"இன்னும் பச்சத் தண்ணிகூட இறங்கல அண்ணே."

"அப்ப ஒரு சொட்டு ரத்தம் குடுங்க."

அவர் ஏணியிலிருந்து இரண்டு படி இறங்கினார். "எதுக்கு?"

"சும்மா மிஷின் சரியா இருக்கான்னு பார்க்க. புது ஊசி. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

"எனக்கு என்ன லாபம்?"

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "அந்த ஏணியை இனிமே கேக்க மாட்டேன்."

விரலை உடனே நீட்டினார். குத்தினேன். மிஷின் ஐந்து நொடி யோசித்தது. முந்நூத்திப் பதினெட்டு என்றது.

மிஷினைத் தட்டினேன், குலுக்கினேன். இறங்கவில்லை.

"என்ன அண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், பின்னால் என் மனைவி. மாவுக் கையோடு மிஷினை வாங்கிப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. முப்பத்தொன்பது வருடத்தில் அவள் கை கழுவாமல் செருப்பைத் தேடி நான் பார்த்ததில்லை.

"சட்டையை மாத்துங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம். எங்கயோ தப்பு பண்ணிட்டேன் நான். இவ்வளவு வராதே."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்த மாவுக் கையைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"அது என் ரத்தம் இல்லம்மா. இவரோடது."

ஏணியில் நின்றவர் மெதுவாகக் கேட்டார். "முந்நூத்திப் பதினெட்டுன்னா நல்லதா அண்ணி?"

அடுத்த கால் மணி நேரத்தில் அவரை அவர் வீட்டுக்காரியோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள். திரும்பி வந்து, அலமாரியிலிருந்து புது ஸ்ட்ரிப் டப்பியை எடுத்தாள். இருந்ததாம். சொல்லவில்லை. என் விரலைப் பிடித்து நறுக்கென்று குத்தினாள்.

நூத்திப் பதினெட்டு.

"அப்படின்னா... அந்தக் கேக்?" என்று உளறிவிட்டேன்.

"பரண்மேல இருக்கறதா? பாதாம் மாவும் முட்டையும். சர்க்கரை ஒரு சிட்டிகை கிடையாது. உங்களுக்குன்னு செஞ்சதுதான்."

"நேரா குடுத்திருக்கலாமே?"

"குடுத்தா சப்புன்னு இருக்குன்னு ஒதுக்குவீங்க. திருடினா ஒரு துணுக்கு விடாம சாப்பிடுவீங்க. தினம் நாப்பது கிராம். குளிச்சிட்டு வந்து டப்பாவை எடை போட்டுத்தானே அடுத்த வேளைச் சாப்பாடே வச்சேன். ஒரு நாள் மட்டும் அறுபது. அன்னிக்கு முட்டை ஒண்ணு குறைஞ்சுதே, கவனிக்கலையா?"

கவனித்திருந்தேன். எங்கள் கோழியைச் சந்தேகப்பட்டேன்.

மறுநாள் கிறிஸ்துமஸ். நிஜக் கேக்கில் ஒரு துண்டை வெட்டித் தராசில் வைத்தாள். சரியாக நூறு கிராம். முந்திரி என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நூத்திப் பதினெட்டு வந்திருக்கு. குடு."

"இருங்க. பந்தயத்துக்குன்னு முதல்ல மிஷின்ல வச்சது யாரோட ரத்தம்?"

"பெயிண்டரோடது."

"அப்ப பந்தயத்துல நின்னது அவர். அவருக்கு முந்நூத்திப் பதினெட்டு. தோத்துட்டார்."

"சரி, அவர் தோத்துட்டார். எனக்குக் குடு."

"நீங்க பந்தயத்துலயே இல்லையே. வேற ஆளை அனுப்பிட்டீங்களே."

"அப்ப அதை யார்தான் சாப்பிடறது?"

அவள் பதில் சொல்லவில்லை. வாய் நிறையக் கேக் இருந்தால் யாராலும் பேச முடியாது.

நூறு கிராமும் போன பிறகு வெளியே வந்தேன். பெயிண்டர் மாத்திரையும் காலிஃபிளவருமாக ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டிருந்தார். வாசலில் நட்சத்திர விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார். உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன். ஒரு நன்றி வரும் என்று நின்றேன்.

"நீங்க குத்தற வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன் அண்ணே" என்றார்.

"அந்த ஏணி..."

"ஒரு சொட்டுக்கு ஏணின்னு நீங்கதானே சொன்னீங்க. பேச்சு மாறலாமா?"

எனக்கு ஒரு துண்டு கேக், ஒரு ஏணி, ஒரு நன்றி பாக்கி. மூன்றையும் மனதில் எழுதிக்கொண்டு திரும்பினேன்.

"அண்ணே, ஏணி ஆடுது. கொஞ்சம் பிடிச்சுக்கோங்க."

பிடித்துக்கொண்டேன்.